வளைவில் இருந்த கண்ணாடி

வோலோஸ்
ஜூன் 14

அவரைக் கஞ்சி குடித்து நாட்டைக் காக்கும் மாவீரன் ஆர்கிரிஸுக்கு,

மீனாஸ் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். வாரத்தில் நான்கு நாள் அவரை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நீ அவரையைத் தின்கிறாயா, அல்லது அவர், அதாவது உன் சார்ஜண்ட், உன்னைத் தின்கிறாரா என்பதை அடுத்த கடிதத்தில் தெளிவாக்கவும்.

கேமரா வைத்த போனை முகாம் வாசலிலேயே பிடுங்கிக்கொள்ளும் உன் ராணுவத்தின் புண்ணியத்தால், இந்த ஊரில் தபால்தலையை நக்கி ஒட்டும் ஒரே பதினெட்டு வயதுக்காரன் நான்தான். தபால் ஆபீஸ் அம்மாள் நேற்று, "என்னப்பா, காதலா?" என்று கேட்டாள். "ஆமா, ஆனா அவனுக்குத் தாடியைச் சிரைச்சு விட்டுட்டாங்க" என்றேன். முத்திரையை இரண்டு முறை குத்தினாள்.

தேர்வு முடிந்தது. தேறுவது திருத்துகிறவர்கள் பாடு. என் பாடு கொண்டாட்டம். ஜூலை 8 கப்பலில் ஈயோஸ் போகிறோம். போன வருடம் போன நாலு பேரில் மூன்று பேர்: நான், ஸீஸிஸ், டனாயி. அதே கல்லியோப்பி அம்மாள் அறை, அதே மொட்டை மாடி, அதே "கோணல் படகு" பார். ஸீஸிஸ் இப்போதே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறான். நேற்று குளியலறைக் கதவில் மோதினான். டனாயி ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள், ஆகவே இந்த முறை 'பன்றி' அவள் கையில். வாடகைக்கு விடும் அந்த நாலு சக்கர பைக்குக்கு ஊரே வைத்த பெயர் அது. மரியாதையாகத்தான் சொல்கிறேன், அதன்மேல் நம்மை உட்கார வைத்தால் எது பன்றி என்று தெரியாது.

கண்ணாடி சௌக்கியமாக இருக்கிறது. என் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். காலையில் எழுந்தால் முதலில் தெரிவது என் மூக்கு, பிறகு வெகு தூரத்தில் நான். அம்மா இன்னும், "பழைய சாமான் கடையில இதையெல்லாமா விக்கிறாங்க?" என்று கேட்கிறாள். போன வருடக் கடைசி இரவில் மிலோபோட்டாஸ் கடற்கரைக்கு இறங்கும் சாலை வளைவில், எதிரே வரும் வண்டி தெரிவதற்காகக் கம்பத்தில் வைத்திருந்த கண்ணாடியை, பன்றியின் இருக்கைமேல் நீ ஏறி நின்று ஸ்பேனரால் கழற்ற, கீழே நான் இரண்டு கையாலும் தாங்க, நமக்குச் சிரிப்பு வந்து அது என் தலைமேலேயே இறங்கியதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அறையில் தூங்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு சோம்பேறிகளுக்கும்கூட இன்றுவரை தெரியாது. நான் செய்த சேட்டைகளிலேயே சுவரில் மாட்டும் தகுதி பெற்றது அது ஒன்றுதான். அதன் இரண்டு போல்ட்டும் உன்னிடம் இருக்கின்றனவா? தொலைத்துவிடாதே, நாளைக்கு அருங்காட்சியகம் கேட்கும்.

நீ இல்லாத குறைக்கு உன் படத்தை ஒரு தர்பூசணியில் ஒட்டிக் கடற்கரைக்குத் தூக்கிப்போகிறோம். மாலையில் வெட்டுவோம்.

உன் சேட்டையில் சரிபாதி,
மீனாஸ்


முகாம்
ஜூன் 25

அன்புள்ள மீனாஸ்,

கடிதம் கிடைத்தது. அவரை பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டும் நடக்கிறது.

இங்கே பாறையும் காற்றும் ஆடுகளும். இரவுக் காவலில் எதிர்க்கரை விளக்குகளை எண்ணுகிறேன். எழுபத்தொன்று. ஒரு நாள் எழுபது வந்தால் சார்ஜண்டிடம் சொல்ல வேண்டுமா என்று யோசிக்கிறேன். நவம்பரில் முடிகிறது. முடிந்ததும் கடலோரக் காவல் பணிக்கு எழுத வேண்டும் என்று அப்பா எல்லாப் படிவமும் வாங்கி வைத்துவிட்டார்.

ஒன்று சொல்கிறேன், கேலி செய்யாதே. ஈயோஸ் வேண்டாம். போன வருடம் பார்த்த தீவுதானே? ஸ்கியாதோஸ் போங்கள். உங்கள் வீட்டு வாசலில் கப்பல் ஏறினால் மூன்று மணி நேரம், அங்கேயும் இசை இருக்கிறது, கடல் இருக்கிறது. டனாயிக்கு உரிமம் புதிது.

கட்டாயம் போகத்தான் போகிறீர்கள் என்றால் கடற்கரைக்கு பஸ்ஸில் போங்கள். அந்தச் சாலையில் நிற்காதே. யாரிடமும் எதையும் கேட்காதே. அந்தக் கண்ணாடியை இறக்கிக் கட்டிலுக்கு அடியில் வை. அதைப் பற்றிப் போனில் யாருக்கும் ஒரு வரிகூட எழுதாதே.

வெயிலில் அலையாதே. தர்பூசணியை வெட்டும்போது என் மூக்கிலிருந்து தொடங்காதே.

அன்புடன்,
ஆர்கிரிஸ்


ஈயோஸ்
ஜூலை 9, காலை

பஸ் பயணிகள் நலச் சங்கத் தலைவர் ஆர்கிரிஸ் அவர்களுக்கு,

வந்துவிட்டோம். உன் கடிதத்தைக் கப்பலில் வாசித்துக் காட்டினேன், கண்ணாடி வரிகளை மட்டும் விழுங்கிவிட்டு. டனாயி, "ராணுவம் இவனை என்னடா பண்ணி வச்சிருக்கு? எங்கம்மா மாதிரி எழுதுறான்" என்றாள்.

நேற்று முதல் இரவு. மலைமேல் இருக்கும் ஊரின் சந்துகளில் சுண்ணாம்புச் சுவர் எல்லாம் அதிர்ந்தது. கோணல் படகில் நுழைந்ததும் நம்மை அடையாளம் கண்டு இசைக்காரன் கைகாட்டினான். தெரியுமா, நம்மை அங்கே நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது. புகை என்று சொல்லிவிட்டேன்.

புதிதாக ஒரு பெண் பரிமாறுகிறாள், ஃப்ளோரா என்று பெயர், ஊர்க்காரி. தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள், அலையில் படகு போவதுபோல. நான் சும்மா இருப்பேனா? காலித் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அதே சாய்வில் நடந்தேன். ஒரு அழுத்தம், ஒரு இழுப்பு, ஒரு அழுத்தம், ஒரு இழுப்பு. பார் முழுக்கக் கைதட்டல். அவள் திரும்பிப் பார்த்து, "நல்லா வருதே உனக்கு. ஆனா வலது கால் இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்றாள். எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

இதோ, கீழே பன்றி உறுமுகிறது. கடற்கரைக்குப் போய்விட்டு வந்து முடிக்கிறேன்.

ஜூலை 10

ஆர்கிரிஸ்,

நேற்று முடிக்கவில்லை. இப்போதும் முடிக்க முடியுமா தெரியவில்லை.

நம் வளைவில் ஒரு விளக்குக் கூடு நிற்கிறது.

போன வருடம் அது அங்கே இல்லை. நீ ஏறி நின்ற அதே இடத்தில், கல் சுவரை ஒட்டி. இரும்புக் கால், மேலே தகரத்தில் சின்னக் கோயில், கண்ணாடிக் கதவு. வெள்ளைப் பெயிண்ட் இன்னும் பளபளக்கிறது. பட்டப்பகலில் உள்ளே விளக்கு எரிகிறது. பக்கத்தில் நம் கம்பம் மொட்டையாக, போல்ட் இருந்த இரண்டு ஓட்டையோடு.

டனாயி வேகத்தைக் குறைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸீஸிஸ், "எவனோ போய்ச் சேர்ந்துட்டான்போல" என்றான். "இங்கயா? இங்க எப்படிடா?" என்றாள் அவள். "கண்ணு தெரியாத வளைவு. கண்ணாடி வச்சிருக்க வேணாமா இவங்க?" என்று சொல்லிவிட்டு ஸீஸிஸ் பாட்டை மாற்றினான்.

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தர்பூசணி என் மடியில் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், உன் மூக்கு கிழிந்துவிட்டது.

இந்தத் தீவில் எத்தனை கூடுகளைப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் வைத்து ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன். நேற்று மாலை திரும்பும்போது இறங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். படம் இருக்குமோ, பெயர் இருக்குமோ. வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். ராத்திரி பாரில் எல்லோரும் குதிக்க, கூரையில் சுற்றும் கண்ணாடி உருண்டையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வயிறு சரியில்லை என்று வந்துவிட்டேன்.

பிறகுதான் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். "அந்தச் சாலையில் நிற்காதே. யாரிடமும் எதையும் கேட்காதே."

உனக்கு என்ன தெரியும்? எவ்வளவு நாளாகத் தெரியும்? போனில் பேச வேண்டாம், உன் பின்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். எழுது. இருபத்திரண்டாம் தேதிவரை இங்கே இருப்பேன்.

மீனாஸ்


முகாம்
ஜூலை 15

மீனாஸ்,

பக்கத்துக் கட்டில் லாஸரோஸ் விடுப்பில் போகிறான். இதைப் பிரேயஸ் துறைமுகத்தில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். சீக்கிரம் கிடைக்கும். படித்ததும் எரித்துவிடு.

போன செப்டம்பர் 4. தீவுச் செய்திகள் போடும் ஒரு பக்கத்தில் நாலு வரி வந்தது. மிலோபோட்டாஸ் சாலை வளைவில் காலை வேளையில் ஸ்கூட்டரும் ரொட்டி வேனும் மோதல். ஸ்கூட்டரில் வந்தவருக்கு வயது பத்தொன்பது. ஹெலிகாப்டரில் ஏதென்ஸுக்கு. நிலை கவலைக்கிடம். பெயர் இல்லை. நாம் அதைக் கழற்றி ஏழு நாள்.

அதற்கு அப்புறம் நான் தேடவில்லை. தினம் தேட நினைப்பேன், விரல் போகாது. நவம்பரில் இங்கே வாசலில் போனை வாங்கிக்கொண்டபோது எல்லோரும் திட்டினார்கள். எனக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது.

உன்னிடம் சொல்லவில்லை. நீ வாரம் ஒரு கடிதத்தில் கண்ணாடியைப் பற்றி ஜோக் எழுதிக்கொண்டிருந்தாய். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை என்று சொன்னால் பொய். பயம்.

இப்போது கேள். அந்தக் கூடு நின்றால் நிற்கட்டும். நாம் தெரிந்து செய்யவில்லை. நீ கேட்பதால் யாரும் எழுந்து வரப்போவதில்லை. ஆனால் கேட்கிறவனை ஊர் திரும்பிக் கேட்கும். இரண்டு பேருக்குத்தான் தெரியும், இரண்டு பேரோடு இருக்கட்டும். உன்மேல் ஒரு வழக்கு வந்தால் அதில் என் பெயரும் வரும். அப்பா வாங்கி வைத்த படிவத்தில் முதல் பக்கத்திலேயே கேட்டிருக்கிறார்கள், வழக்கு உண்டா இல்லையா என்று. நீ கேட்டால் எனக்கும் சேர்த்துக் கேட்பதாகும். அந்த உரிமை உனக்கு இல்லை.

வீட்டுக்குப் போனதும் உடைத்துக் குப்பையில் போடு. துணியில் சுற்றி உடை, கையைக் கிழித்துக்கொள்ளாதே.

ஆர்கிரிஸ்


ஈயோஸ்
ஜூலை 20

ஆர்கிரிஸ்,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. எரிக்கவில்லை, எரிக்கத் தைரியம் வரவில்லை. சட்டைப் பைக்குள்தான் இருக்கிறது.

கேட்காதே என்றாய். நான் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று மாலை நாலு மணிக்கு ஸீஸிஸும் டனாயியும் கடலில் இருந்தபோது நான் மட்டும் வளைவுக்கு நடந்து போனேன். மூன்று நாளாக வடகாற்று அடிக்கிறது, ஆளையே தள்ளும். கதவு இடுக்கில் காற்றுப் புகுந்து விளக்கு அணைந்திருந்தது. அணைந்த விளக்கைப் பார்த்தவன் ஏற்றாமல் போகக்கூடாது, உனக்குத் தெரியும். இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியவனை அது அப்படிப் பிடித்துக்கொண்டது. ஸீஸிஸின் லைட்டர் என்னிடம் இருந்தது. கதவைத் திறந்தேன்.

படம் இல்லை. பெயரும் இல்லை. புனித நிக்கோலாஸ் படம், எண்ணெய் பாட்டில், திரி டப்பா, ஒரு சின்னத் தகரக் கால். கோயிலில் வேண்டுதல் நிறைவேறினால் தொங்கவிடுவார்களே, அந்தக் கால். சிவப்பு நூலில் தொங்கியது.

செத்தவர்களுக்குக் கால் தொங்கவிட மாட்டார்கள், ஆர்கிரிஸ். பிழைத்தவர்களுக்கும் கூடு வைப்பார்கள். பத்து நாளாக அது என் மண்டையில் ஏறவே இல்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன். திரியைக் கொளுத்த முயன்றேன், காற்று அணைத்தது, மறுபடி முயன்றேன்.

அப்போது பின்னால் சாலையில் காலடி கேட்டது. ஒரு அழுத்தம், ஒரு இழுப்பு.

நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய தேவை இல்லை. அந்த நடையை நான் தட்டோடு பார் முழுக்க நடந்து காட்டியிருக்கிறேன். அது யார் கால் என்று என் காதுக்குத் தெரியும்.

"அட, நடிகர். உடம்பால மறைச்சுக்கிட்டு ஏத்து, காத்து இந்தப் பக்கம்" என்றாள் ஃப்ளோரா.

அவளே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார அவளுக்கு நேரம் ஆனது. இரண்டு பேரும் கைகுவித்து மறைத்து ஏற்றினோம். நான் திரி டப்பாவைத் தட்டிவிட்டதைப் பார்த்து, "நேத்து ரொம்ப குடிச்சியா?" என்றாள். நான் குடித்தே ஒன்பது நாள் ஆகிறது.

"இது உன்னோடதா?" என்று கேட்டேன். இதை நீ கேள்வி என்று கணக்கில் எடுத்துக்கொண்டாலும் சரி.

"கூடு அம்மாவோடது, கால் என்னோடது. ஆஸ்பத்திரியில நான் மூணு வாரம் கண்ணைத் திறக்கலை. எழுந்தா விழுந்த இடத்துல விளக்கு வைக்கிறேன்னு அம்மா வேண்டிக்கிட்டாங்க. எழுந்துட்டேன். அதனால நான் தினமும் நொண்டிக்கிட்டே வந்து எண்ணெய் ஊத்தணும். நல்ல பேரம்."

"எப்படி நடந்தது?"

"காலையில ஓட்டல் வேலைக்குப் போறேன். ரெண்டு வருசமா போற ரோடு. இந்த வளைவுல தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்ப்பேன், வண்டி இல்லைன்னா இறங்குவேன். அன்னைக்கும் தூக்கிப் பார்த்தேன். கம்பம் இருக்கு, கண்ணாடி இல்லை. எங்கே போச்சுன்னு தேடினேன் பாரு, அந்த ஒரு நொடிதான். ரோட்டைப் பார்த்திருந்தா வேனைப் பார்த்திருப்பேன்."

நான் திரி டப்பாவை மூடி உள்ளே வைத்தேன். அவள் தொடர்ந்தாள்.

"காத்துல போயிருக்கும்னு அப்பா சொல்றார். காத்துக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. எடுத்தவன் வருவான்."

"வருவானா? எதுக்கு வரணும்?"

"இந்தத் தீவுக்கு ஒரு தடவை வந்தவன் திரும்ப வராம இருந்திருக்கானா? நீயே வந்திருக்கியே."

அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தாளா, கடலைப் பார்த்தாளா என்று இரவு முழுக்க யோசித்தேன். தெரியவில்லை. எண்ணெய் பாட்டிலை மூடி வைத்துவிட்டு மேலே நடந்து போனாள். நான் ஓடிப்போய்க் கைகொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

நாளை மறுநாள் கப்பல். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்ப வருவேன். உடைக்க மாட்டேன். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்றிருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. போலீஸ், அப்பா, எல்லாம் இரண்டாம் பட்சம். அவள் முன்னால் நின்று வாயைத் திறக்க வேண்டும், அதுதான்.

உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். நீ சொல் என்றால் ஒழிய. ஒரு வார்த்தை எழுதிப் போடு, வோலோஸ் முகவரிக்கு.

ஜோக் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

மீனாஸ்


முகாம்
ஜூலை 30

மீனாஸ்,

ஒரு வார்த்தை கேட்டாய். சில வரிகள் எழுதுகிறேன்.

அந்தக் கடைசி இரவில் எனக்குத் தலைவலி. ஸீஸிஸ், டனாயியோடு அறையில் தூங்கிவிட்டேன். காலையில் நீ ஒரு கண்ணாடியோடு வந்தாய். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் நினைவிருக்கும்.

இனி இந்த முகவரிக்கு இந்த விஷயமாக எழுத வேண்டாம்.

ஆர்கிரிஸ்


ஈயோஸ்
ஆகஸ்ட் 13

அன்புள்ள ஆர்கிரிஸ்,

எழுத வேண்டாம் என்றாய். தபால்தலை மிச்சமிருக்கிறது, என்ன செய்ய.

போர்வையில் சுற்றிக் கொண்டு வந்தேன். திருநாள் கூட்டத்தில் கப்பலில் நிற்கவே இடமில்லை. "என்ன தம்பி அது, பெரிய தட்டா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "இல்லைங்க, என் மூஞ்சி" என்றேன். அவர் தள்ளி உட்கார்ந்தார். எட்டு மணி நேரத்தில் நான் பேசியது அது ஒன்றுதான்.

வருவதற்கு முன்னால் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. அடுக்களைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதைப் போய் ஒரு மணி நேரம் பழுது பார்த்தார். பிறகு, "நான் வரட்டுமா, தனியா போறியா?" என்றார். வாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தனியாப் போறேன் என்று வந்துவிட்டது. பிரேயஸ்வரை மட்டும் காரில் கொண்டுவந்து விட்டார். கப்பல் நகர்ந்த பிறகு அவரைத் தேடினேன், கரையில் நின்றுகொண்டிருந்தார்.

ஃப்ளோரா பார் திறப்பதற்கு முன்னால் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் போர்வையைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். சொல்லத் தயார் செய்திருந்ததெல்லாம் போய்விட்டது. "நான்தான்" என்றேன், அவ்வளவுதான் வந்தது.

அவள் வெகுநேரம் அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடியில் முகம் எப்படித் தெரியும் என்று உனக்குத் தெரியும். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு காலித் தட்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நடந்து காட்டு."

"ஃப்ளோரா..."

"அன்னைக்கு நல்லா நடந்தியே. கதவுல இருந்து இதுவரைக்கும். நடந்து காட்டு."

கதவுவரை போனேன். திரும்பி நின்றேன். ஒரு அடிகூட வைக்க முடியவில்லை, ஆர்கிரிஸ். நேராகவும் நடக்க முடியவில்லை, சாய்ந்தும் நடக்க முடியவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன், மறந்துபோச்சா?" என்றாள்.

அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, திட்டவும் இல்லை. தட்டை வாங்கி வைத்துவிட்டு, "வா, அப்பாகிட்ட போகலாம். நீ முன்னாடி நட, எனக்குப் பின்னாடி யாரும் வந்தா இப்பல்லாம் பிடிக்கிறதில்லை" என்றாள். மன்னித்தாளா என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

அங்கிருந்து மூவரும் காவல் நிலையம் போனோம், எழுதிக்கொண்டார்கள். நாக்ஸோஸ் நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வரும், வந்தால் போக வேண்டும். எழுதிய அதிகாரி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைக் கழட்ட ரெண்டு பேர் வேணுமே. ஒருத்தன் பிடிக்காம எப்படிக் கழட்டினே?" என்றார். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஃப்ளோராவும் என்னைப் பார்த்தாள். பிறகு அவர் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். காலியாகத்தான் இருக்கிறது.

மூன்று நாள் முன்னால் நகராட்சி ஆட்கள் வந்து கம்பத்தில் மறுபடி ஏற்றினார்கள். ஒருவர் ஏணியில், ஒருவர் கீழே தாங்கிக்கொண்டு. ஃப்ளோராவின் அப்பாவும் நானும் சாலையின் இரு பக்கமும் நின்று வண்டிகளை நிறுத்தினோம். அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய அளவு போல்ட், தீவில் எந்தக் கடையிலும் இல்லை. இப்போதைக்குக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்றடித்தால் ஆடுகிறது, ஆடினால் சாலையில்லாத பக்கம் திரும்பிக்கொள்கிறது. போல்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம். இலையுதிர்காலத்துக் காற்றுக்குள் வந்துவிட்டால் நல்லது என்றார் ஏணிக்காரர்.

திருநாள் முடியும்வரை இங்கே இருப்பேன். தினமும் இரண்டு வேளை போய்க் கம்பியை முறுக்கிவிட்டு வருகிறேன். இரவில் வடகாற்று கேட்டால் தூக்கம் போய்விடுகிறது. நேற்று எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கண்ணாடி நேராக இருந்தது. அதில் நான் மட்டும் சின்னதாகத் தெரிந்தேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. உன் நினைவும் இருக்கிறது, தலைவலி இல்லாத அந்த இரவு முழுவதும்.

மீனாஸ்


முகாம்
செப்டம்பர் 11

மீனாஸ்,

இதை நான்காவது முறையாக எழுதுகிறேன்.

நேற்று இரவுக் காவலில் காற்று பலமாக அடித்தது. எதிர்க்கரை விளக்குகளை எண்ணினேன். எண்ணிக்கை எங்கேயோ தவறியது. மறுபடி எண்ணவில்லை.

ஐந்து நாள் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் காரணத்தை எழுதினேன். கேப்டன் இரண்டு முறை படித்தார். "இதை இப்படியே அனுப்பவா?" என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்தப் படிவங்கள் மேசைமேல் அடுக்கியபடி இருக்கும்.

உறைக்குள் ஒரு போல்ட் வைத்திருக்கிறேன். போன வருடத்திலிருந்து என் சாவிக்கொத்தில்தான் இரண்டும் இருந்தன. நான் வருவதற்குள் காற்று முந்திக்கொண்டால் இது ஒன்றாவது தாங்கட்டும், உடனே ஏணிக்காரருக்கு அனுப்பு.

இன்னொன்றை நானே கொண்டு வருகிறேன். பிரேயஸில் இருபதாம் தேதிக் கப்பல். வளைவுவரை தனியாக நடந்துபோக எனக்குப் பயமாக இருக்கிறது. முடிந்தால் நீயும் அந்தத் துறைமுகத்துக்கு வா.

ஆர்கிரிஸ்